கோடை விடுமுறையும் குடும்பமும்

சித்திரை பிறந்து, பரீட்சைகள் ஒருவாறு முடிவுற்று, புத்தகங்கள் அலமாரியில் அடங்கியவுடன் நம் நாட்டுச் சிறுவர் சிறுமியர் உள்ளத்தில் ஓர் உவகை பிறத்தல் இயல்பு. அவ்வுவகையை அறியாதார் இம்மலரைப் படிப்போருள் ஒருவரும் இரார். விடுதியறையைப் பூட்டிச் சாவியைக் காவலரிடம் ஒப்புவித்து, தகரப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குப் பேருந்து ஏறிய அந்தப் பிற்பகலை, இக்கலாசாலையின் பழைய மாணவனாகிய யான் இன்றும் மறந்தேனில்லை. அன்று எமக்குக் கோடை என்பது ஒரு பெருவெளி. அதில் என்ன செய்வதென்று எவரும் எமக்குக் கூறவில்லை. கூறவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இன்றோ நிலைமை வேறு. கோடை விடுமுறையை எங்ஙனம் கழிப்பது என்பது பெற்றோர் கூடி ஆலோசிக்கவேண்டிய பெரும் பிரச்சினையாகிவிட்டது. இவ்விஷயத்தில் நம்மவர் பெரும்பாலும் இரு சாராராய்ப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் விடுமுறையை அடுத்த வகுப்பின் முன்வாசலாகக் கருதி, மே மாதத்திலேயே பிள்ளைகளைத் தனிப்பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்புகின்றனர். மற்றொரு சாரார் ஆண்டெல்லாம் சேர்த்த பணத்தைக்கொண்டு, ஐந்து நாளில் ஒன்பது இடங்களைப் பார்த்துவிட்டு, புறப்பட்டபோது இருந்ததினும் மிகுந்த களைப்போடு வீடு திரும்புகின்றனர். இவ்விரு வழிக்கும் வகையற்ற ஏழை மக்கள் பலர். அவர்களைப்பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

இவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழியொன்று உண்டு என்பதும், அதுவே சாலச் சிறந்தது என்பதும் என் அபிப்பிராயம். வீட்டிலிருந்து கையால் ஏதேனும் ஒன்று செய்தல், சிறு தோட்டமிடுதல், அருகிலுள்ள இடங்களுக்கு அவசரமின்றிச் சென்று வருதல் ஆகிய மூன்றுமே அவ்வழி. இதனை யான் நூலிற் கற்றுக் கூறவில்லை. பிழை செய்து, அப்பிழையால் அறிந்து கூறுகின்றேன்.

எனக்கு மக்கள் இருவர். மூத்தவள் பெண், இளையவன் ஆண். மூத்தவள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையிலும், அதற்கடுத்த கோடையிலும், தேரிக்காட்டுச் சிற்றூரொன்றில் வாழும் என் அன்னையார், "பிள்ளையை ஒரு மாதம் என்னிடம் விட்டுவை" என்று கேட்டனுப்பினார். யான் விடவில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு, பத்து மணிக்கு ஒரு வகுப்பு, மாலையில் ஒரு தேர்வு என அவ்விரு கோடைகளும் கழிந்தன. அவள் உயர்ந்த மதிப்பெண் பெற்றாள். தூர நகரமொன்றில் தான் விரும்பிய படிப்பிற்கு இடமும் பெற்றாள். உற்றார் யாவரும் என்னைப் பாராட்டினர். யானும் அதனை என் கடமையின் வெற்றியென்றே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தாள். ஆச்சியின் அருகில் திண்ணையில் அமர்ந்தாள். "சுகமா இருக்கியா?" என்றார் ஆச்சி. "சுகந்தான் ஆச்சி" என்றாள் இவள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. சிறிது நேரம் ஆச்சி அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பின்பு அவள் மெல்ல எழுந்து உள்ளே சென்றுவிட்டாள். ஒருவர்மேல் ஒருவர்க்கு அன்பில்லாமையால் நிகழ்ந்ததன்று அது. இருவரும் சேர்ந்து செய்த காரியம் ஒன்றேனும் இருந்தாலன்றோ பேசுதற்குப் பொருள் இருக்கும்? அந்தத் திண்ணையில் நான் கண்ட மௌனம் என் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத ஒரு நஷ்டம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இளையவன் ஒன்பதாம் வகுப்பு முடித்த சென்ற கோடையில், பயிற்சி நிலையமொன்றின் விளம்பரத்தாள் வழக்கம்போல் எம் வீட்டுக்கும் வந்தது. "இவனுக்கு ஒரு கோடையை விட்டுக் கொடுங்கள்" என்றாள் என் மனைவி. யானும் இசைந்தேன். தேரிக்காட்டிலிருந்து ஆச்சியைப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்தோம். அவர் தம் துணிப்பையோடு ஒரு கட்டுப் பனையோலையையும் கொண்டு வந்து இறங்கினார்.

ஓலை முடைதலைப்பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். எல்லா ஓலையும் பெட்டி முடைய உதவாது. முற்றிய சாரோலை விசிறிக்கும் வேலிக்கும் கூரைக்கும் ஆகும். பெட்டிக்கு வேண்டுவது இளங் குருத்தோலை. அதனை உலர்த்தி, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமுள்ள கீற்றுகளாய்க் கிழித்து, முடையுமுன் நீர் தெளித்துப் பதப்படுத்தவேண்டும்; நீர் போதாவிடின் மடிக்குமிடத்தில் ஓலை வெடிக்கும்; மிகுந்தால் காய்ந்தபின் பின்னல் தளரும். அடிப்பாகத்தைத் தட்டையாய் முடைவது எளிது. நான்கு மூலைகளையும் மேல்நோக்கித் திருப்புமிடத்திலேதான் தொழிலின் சூட்சுமம் உள்ளது. அங்கே கீற்று ஒன்று இளகினாலும் பெட்டி நேராய் நில்லாது.

எம் பையன் முதலில் இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, இஃது ஒரு நாள் வேலை என்று நினைத்தான். மூன்று நாளில் ஏழு முறை மூலை அவிழ்ந்தது. ஆச்சிக்கு இப்பொழுது இரு கண்களிலும் பார்வை மங்கல். அவன் முடைந்ததை அவர் பார்ப்பதில்லை. விரலால் தடவி, "இங்கே இளகுது" என்பார். அவ்விடத்தைப் பார்த்தால் அங்கேதான் பிழை இருக்கும். பின்பு அவன் விரல்மேல் தம் விரலை வைத்து, எவ்வளவு இழுக்கவேண்டுமென்று இழுத்துக் காட்டினார். அந்த அளவு எந்தக் காணொளியிலும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அஃது அவர் தம் தாயின் விரலிலிருந்து பெற்றது. எட்டாவது முறை மூலை நின்றது. அன்று மாலை அவன் அப்பெட்டியில் நான்கு முறுக்குகளை வைத்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது அவன் முகத்திலிருந்த களிப்பு, மதிப்பெண் பட்டியலோடு வந்த எந்த நாளிலும் யான் கண்டதன்று.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021-ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. அது மிகவும் நற்காரியமே. ஆனால் மரத்தைச் சட்டம் காக்கும். அதன் ஓலையை முடையும் கையைச் சட்டம் காவாது. அக்கையை அடுத்துள்ள மற்றொரு கைதான் காக்கவேண்டும். அதற்கு வேண்டுவது பணமன்று, ஒரு மாதக் காலம். அக்காலத்தையே நாம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடுகின்றோம்.

இனித் தோட்டத்தைப்பற்றிக் கூறுவேன். எம் வீட்டின் பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால், பத்தடி நீளமும் ஆறடி அகலமுமுள்ள ஒரு துண்டு நிலம் உடைந்த செங்கல்லும் குப்பையுமாய்க் கிடந்தது. அதனைக் கொத்திச் சீர்ப்படுத்தவே நான்கு காலைகள் ஆயின. ஆட்டெருவும் செம்மண்ணும் கலந்து, இரண்டு பாத்திகள் அமைத்தோம். கோடை வெயிலில் எல்லாம் வாரா. ஆயினும் சிறுகீரையும் வெண்டையும் கொத்தவரையும் வெயிலைப் பொறுக்கும் என்று ஆச்சி கூறினார். அவரை, புடல், பீர்க்கு முதலியவற்றுக்கு ஆடிப் பட்டம் வரையில் பொறுத்திருக்க வேண்டுமென்றார்.

முதலில் விதைத்த கீரை முளைக்கவேயில்லை. விதை பழுதென்று கடைக்காரரை நொந்துகொண்டோம். ஆச்சி பாத்தியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "கடைக்காரர்மேல் தப்பில்லை, எறும்பு கொண்டுபோயிருக்கும்" என்று நகைத்தார். மறுமுறை விதையை மணலோடு கலந்து தூவி, பாத்தியைச் சுற்றி ஒரு பிடி நொய்யை இறைத்து வைத்தோம். எறும்புகள் நொய்யைச் சுமந்து சென்றன. விதைகள் மண்ணில் தங்கின. பகைவனைக் கொல்லாமல், அவனுக்குரிய பங்கைக் கொடுத்துத் தன் பங்கைக் காத்துக்கொள்ளும் இவ்வுபாயத்தை எம் பையன் பலநாள் எண்ணி எண்ணி வியந்தான். காய்கறி கழுவிய நீரும் அரிசி களைந்த நீருமே பெரும்பாலும் பாத்திக்குப் போதியனவாயின. நான்கு வாரத்திற்குள் கீரை பறித்தோம். ஒரு வேளைக் குழம்புக்குத்தான் அது போதியதாயிற்று. அக்கீரையின் விலை கடையில் மிகவும் சொற்பமே. ஆயின் அதன்பின் எம் வீட்டில் எவரும் கீரையைத் தட்டில் ஒதுக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை ஒளியாமல் கூறுதல் கடமை. முதல் வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் விடுமுறை. என் மனைவிக்கு மாத்திரம் விடுமுறையில்லை. யாவரும் வீட்டிலேயே இருந்தமையால் அவளுக்கு அடுப்பு அணையவே நேரமில்லை. ஓலைத்துண்டுகளைப் பெருக்குபவளும் அவளே. மண் படிந்த துணிகளைத் துவைப்பவளும் அவளே. "குடும்பத்தோடு கோடையைக் கழிக்கிறோம் என்கிறீர்களே, அந்தக் குடும்பத்தில் நானும் உண்டா?" என்று ஒரு நாள் கேட்டாள். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. மறுநாள் முதல் காலைச் சிற்றுண்டி என்னுடையது என்றும், பாத்திரம் துலக்குவது பையனுடையது என்றும் ஏற்பாடாயிற்று. யான் ஆக்கிய உப்புமாவின் தரத்தைப்பற்றி இங்கு எழுதாமலிருத்தலே நலம். ஆனால் அவ்வேற்பாட்டிற்குப் பின்னரே என் மனைவி எங்களோடு பாத்தியருகில் வந்து அமர்ந்தாள். குடும்பத்தின் ஓய்வு என்று பேசுவோர், அவ்வோய்வு எவர் உழைப்பின்மேல் நிற்கின்றது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். ஒருவருடைய ஓய்வுக்காக மற்றொருவர் இருமடங்கு உழைப்பாராயின் அது விடுமுறையன்று. வேலை கைமாறியதே ஆகும்.

மூன்றாவது பிரயாணம். கோடைவாசம் என்றவுடன் நம்மவர் நினைவு மலைகளை நோக்கிச் செல்லுகின்றது. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த தொண்டர்கள், சமவெளியின் நோய்களுக்கு அஞ்சி, கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அவர்கள் அங்கே சென்றது தங்கி உடல்நலம் தேறுவதற்கு. இன்று அதே மலைக்கு நாம் செல்வது வளைவுக்கு வளைவு வண்டி வரிசையில் நிற்பதற்கு. கூட்டம் அளவுகடந்தமையால், கோடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வாகனங்கள் முன்னதாகவே இணையவழி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஓய்வைத் தேடிச் செல்லுமிடத்திற்கு அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று என்றால், நாம் தேடும் முறையில் ஏதோ பிழையுண்டு என்று கருதுவது தவறாகாது.

எங்கள் பிரயாணங்கள் மிகச் சிறியன. வாரத்தில் ஒருநாள் மாலை, தாமிரபரணியின் மேலுள்ள சுலோசன முதலியார் பாலம் வரையில் நடந்து செல்வோம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே மக்கள் ஆற்றைக் கடக்கப் படும் துன்பத்தைக் கண்டு, சுலோசன முதலியார் என்னும் பெருந்தகை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டுவித்த பாலம் அது. 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. யான் அதன்மேல் ஆயிரம் முறையேனும் வண்டியிற் சென்றிருப்பேன். அதன் கீழிறங்கி, வளைவுகளின் நிழலில் நின்று அதனை அண்ணாந்து பார்த்தது சென்ற கோடையில்தான்.

ஒருநாள் சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடைக்குச் சென்றோம். அவ்வூர்ப் பாய்களின் புகழ் யாவரும் அறிந்தது. புவிசார் குறியீடும் பெற்றது. ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் விளையும் கோரையை அறுத்து, மெல்லியதாய்க் கீறி, ஓடும் நீரில் பலநாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, சாயமேற்றி, பருத்தி நூற்பாவில் ஒவ்வொன்றாய்க் கோத்து நெய்கின்றனர். பாவின் நூல் நெருங்க நெருங்கப் பாய் பட்டைப்போல் மென்மையடைகின்றது. நெய்வோருள் பெரும்பாலார் அவ்வூர் முஸ்லிம் குடும்பங்களின் பெண்மக்கள். உயர்ந்த பாயொன்று நெய்து முடிக்கப் பல வாரங்கள் ஆகும். எம் பையன் தன் ஓலைப்பெட்டியைப் பெருமையோடு ஓர் அம்மையாரிடம் காட்டினான். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்கு தம்பி; இதை வித்துச் சாப்பிட முடியுமா?" என்று புன்னகையோடு கேட்டார்.

அவ்வினா எங்களோடு வீட்டுக்கு வந்தது. நமக்கு விளையாட்டாயிருப்பது பிறர்க்கு வாழ்வாயிருக்கின்றது. எட்டு முறை முயன்று ஒரு மூலையை நிறுத்தியவனுக்குத்தான், ஒரு நாளில் பலவற்றை முடைந்து விற்பவரின் உழைப்பு விளங்கும். கைத்தொழில் கற்பதன் பயன் நாம் பெட்டி செய்து கொள்வதன்று. பெட்டி செய்வாரிடம் பேரம் பேசி அவர் கூலியைக் குறைக்க நமக்கு நா எழாமற்போதலே அதன் முதற்பயன். எம் வீட்டில் அதன்பின் பாய்க்கும் பெட்டிக்கும் சொன்ன விலை கொடுக்கப்படுகின்றது.

மற்றொரு நாள், நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளத்திற்குச் சென்றோம். 1994-ஆம் ஆண்டில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும், அரசு அறிவிப்பதற்கு நெடுநாள் முன்னரே அவ்வூரார் பறவைகளைத் தம் விருந்தினராய்ப் பேணிவந்தனர். சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீட்டருகில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சிப் பறந்துவிடலாகாது என்று தீபாவளிக்கும் ஊரார் வெடி வெடிப்பதில்லை. யாம் சென்றபோது குளத்தில் நீர் குறைந்திருந்தது. குஞ்சுகள் பெரும்பாலும் பறக்கும் பருவத்தை எட்டியிருந்தன. ஒரு வேப்பமரத்தடியில் மூன்று மணிநேரம் அமர்ந்திருந்தோம். வேறொன்றும் செய்யவில்லை. அந்த மூன்று மணிநேரத்தில் என் மகன் என்னிடம் பேசியது, அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளிற் பேசியதினும் அதிகம். தனக்குக் கணிதத்தில் அச்சமுண்டு என்பதையும், அதனை என்னிடம் சொல்ல அதனினும் பெரிய அச்சமுண்டு என்பதையும் அன்றுதான் கூறினான்.

இவையெல்லாம் குழந்தைத்தனமான பொழுதுபோக்கு என்று இகழ்வோரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகின்றேன். ஜெர்மானியக் கல்வியறிஞராகிய பிரெடெரிக் ஃபிரோபெல் 1837-ஆம் ஆண்டில் இளஞ்சிறார்க்கென ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கி, 1840-ஆம் ஆண்டில் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். பெயரளவில் மட்டுமன்று, அங்கே சிறார்க்கு உண்மையிலேயே பாத்திகள் இருந்தன. தாள் மடித்தலும், பின்னலும், களிமண் வேலையும் அவர் வகுத்த பாடங்கள். இன்று நம் தெருக்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று பலகை தொங்கவிட்டு, நான்கு வயதுக் குழந்தையின் கையில் எழுதுகோலைத் திணிக்கின்றோமே, அந்தப் பெயர்களின் ஈற்றெழுத்துகள் இரண்டும் அத்தோட்டத்தையே குறிக்கின்றன! நம் நாட்டிலும் 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், ஏதேனும் ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்தே சிறார்க்குக் கல்வி புகட்டவேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தினார். கையை மறந்த கல்வி பாதிக் கல்வி என்பதை அறிஞர் பலர் கண்டு கூறியுள்ளனர். புதிதாய்க் கண்டவன் யானல்லன்.

எதிர்வாதங்களையும் ஆராய்தல் நேர்மை. 'இங்ஙனம் கோடையைக் கழித்தால் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவர்' என்பது முதலாவது. இஃது உண்மையே என்று ஒப்புக்கொள்ளுகின்றேன். பள்ளி திறந்தபின் நடந்த முதற்பரீட்சையில், மே மாதத்திலேயே பாடந் தொடங்கிய தோழர்களினும் எம் பையன் குறைந்த மதிப்பெண்ணே பெற்றான். அரையாண்டுப் பரீட்சைக்குள் ஓரளவு எட்டிப் பிடித்தான். முழுவதும் பிடித்தான் என்று பொய் கூறமாட்டேன். ஆயின், கணிதத்தில் விளங்காததை இப்பொழுது என்னிடம் வந்து கேட்கின்றான். இவ்விரண்டில் எது பெரிதென்று அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம். என் தீர்மானத்தை யான் முன்னரே செய்துகொண்டேன்.

'இஃது ஓய்வும் இடமும் உள்ளவர்களுக்கே ஆகும்; அன்றாடம் உழைத்துண்பாருக்கு ஏது கோடை விடுமுறை?' என்பது இரண்டாவது. இது முன்னதினும் வலிய வாதம். ஓலைக்கும் கீரை விதைக்கும் ஆற்றங்கரைக்கும் செலவு சொற்பமே. ஆனால் காலம் என்னும் பொருள் எல்லோர் கையிலும் ஒரே அளவாய் இல்லை. காலையில் வேலைக்குச் செல்லும் தாய், பூட்டிய வீட்டின் வாயிலில் விட்டுச்செல்லும் பிள்ளைக்குக் கோடை என்பது நீண்ட தனிமையே. இவ்வாதத்திற்குத் தனியொரு குடும்பத்தால் விடை கூறவியலாது. நிலையங்களே கூறுதல் வேண்டும். மே மாதம் முழுவதும் நம் கலாசாலையின் மரநிழலும் கிணற்று நீரும் எவர்க்கும் பயன்படாமல் கிடக்கின்றன. அவற்றுள் இரண்டு வாரத்தை அண்டை வீதிச் சிறார்க்குத் திறந்துவிட்டால் என்ன? அவ்வீதிகளிலேயே ஓலை முடையவும், பூத்தொடுக்கவும், மண் பிசையவும் வல்ல முதியோர் உளர். அவர்களைத் தக்க ஊதியங்கொடுத்து ஆசிரியராய் அழைக்கலாம். அச்செலவைப் பழைய மாணவராகிய நாம் ஏற்போம். எனது சிறு பங்கை இப்பொழுதே முன்வைக்கின்றேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதியினின்றும் நீங்கள் செல்லும் வீடுகளில் ஆச்சியும் தாத்தாவும் இருப்பர். இவ்வாண்டு விடுமுறையில் அவர்களிடமிருந்து ஏதேனும் ஒரு கைவேலையைக் கற்று வாருங்கள். கயிறு திரித்தல், வலை பின்னுதல், ஊறுகாய் பதப்படுத்தல், ஒட்டுக் கட்டுதல், எதுவாயினும் தாழ்வில்லை. பிழையாய்ச் செய்தாலும் குற்றமில்லை. செய்தவற்றை ஜூலை மாதத்தில் நம் கலாசாலை மண்டபத்தில் ஒரு நாள் காட்சிக்கு வைக்க ஆசிரியர்கள் இசைவார்களாக. ஒவ்வொரு பொருளுக்கும் அருகில் அதனைக் கற்பித்தவர் பெயர் எழுதப்படட்டும். அப்பெயர்களில் பல இதுவரை எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டிரா.

இறுதியில் என் மகளைப்பற்றி ஒரு சொல். சென்ற கோடையின் கடைசி இரண்டு வாரத்தில் அவளும் விடுமுறைக்கு வந்தாள். தம்பி ஆச்சியோடு அமர்ந்து கதை பேசி ஓலை முடைவதை அடுக்களை வாயிலில் நின்று நெடுநேரம் பார்த்தாள். பின்பு என்னிடம் வந்து, "அப்பா, எனக்கு ஏன் இப்படி ஒரு கோடை தரவில்லை?" என்று கேட்டாள். கோபமாய்க் கேட்கவில்லை, அதனாலேயே அது தாங்கற்கரிதாயிற்று. "தெரியாமற் போயிற்று அம்மா" என்றேன். உண்மையில் அதுவே முழு விடை. அன்று பிற்பகல் அவள் ஆச்சியின் மறுபுறத்தில் அமர்ந்தாள். ஊர் திரும்புவதற்குள் பெட்டியின் அடிப்பாகத்தை முடையக் கற்றுக்கொண்டாள். மூலை திருப்புதற்குள் அவள் விடுமுறை முடிந்துவிட்டது.

அந்த அரைகுறை முடையலை அவள் தன் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றாள். இவ்வாண்டு மே மாதத்தில் வந்து மிகுதியை முடிப்பதாக ஆச்சியிடம் வாக்களித்திருக்கின்றாள். ஆச்சிக்கு வயது எண்பத்திரண்டு. அன்பர்காள், கோடைகள் ஆண்டுதோறும் வரும். ஆனால் கற்பிக்கும் விரல்கள் ஆண்டுதோறும் இரா. ஆதலின் இவ்வாண்டின் கோடையை, அது கையிலிருக்கும்பொழுதே, நம் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுப்போமாக.